பன்னிரண்டு ஊசி மெஷினும் அம்சவேணியும்

பன்னிரண்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள். ஒரே நேரத்தில் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காய வைக்கிற மெஷின் அது. அதைத் தேர்ந்தெடுத்த பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தலை வலிக்கவில்லை. அதன் முன்னால் நின்றவள் அம்சவேணி.

வருஷம் 1971. அவள் வீடு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில். புருஷன் கோவிந்தன் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தான். அவனுக்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், சுரங்கக் காற்றைச் சோதிக்கிற தூசி லேபில் அட்டெண்டர். கொடுத்ததைப் பெரிய தர்மம் போல ஐந்து வருஷமாகச் சொல்லிக் காட்டினார்கள்.

கீழே பாறையைத் துளைக்கிற டிரில் ஓடும்போது அதற்குப் போட்ட எண்ணெய் புகை மாதிரி பறக்கும். ஆள் அதை எவ்வளவு மூச்சில் இழுக்கிறான் என்று பார்க்க, காற்றை உறிஞ்சிய வட்டக் காகிதங்கள் மேலே வரும். காகிதத்தை பென்சீனில் ஊறப் போட்டால் எண்ணெய் கரைந்துவிடும். பிறகு பென்சீனை ஆவியாக்கி விரட்ட வேண்டும். அடியில் எண்ணெய் மட்டும் தங்கும், அதை எடை போடுவார்கள். விரட்டுகிற வேலை அம்சவேணியுடையது. வெந்நீர்த் தொட்டி மேல் கிண்ணங்களை அடுக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

அந்த வருஷம் மேலிடம் அதிக சாம்பிள் கேட்டது. கிண்ணம் போதவில்லை. மெஷின் வாங்க ஒரு கமிட்டி போட்டார்கள். லேப் சூப்பரின்டெண்ட், கெமிஸ்ட் கோதண்டராமன், தொழிற்சங்கம் சார்பில் சௌந்தரராஜன். வேலை செய்கிறவளும் உட்கார வேண்டும் என்று சங்கம் பிடிவாதம் பிடித்ததால் அம்சவேணிக்கும் ஒரு நாற்காலி.

கோதண்டராமன் இரண்டு படங்களை மேஜை மேல் வைத்தார். ஒன்று, சுழலும் உருண்டைக் குடுவை. எல்லாம் மூடிய கண்ணாடி. ஆவி குளிர்ந்த குழாயில் பட்டுத் திரும்பவும் பென்சீனாகி இன்னொரு குடுவையில் சொட்டும். அறைக்குள் வராது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சாம்பிள்தான். குழாயைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"தண்ணியா? குடிக்கவே லைன்ல குடம் வச்சுகினு நிக்கறாங்க," என்றார் சூப்பரின்டெண்ட். குடத்தோடு நின்றவர்கள் மேல் அவருக்கு அக்கறை வந்தது அந்த ஒரு நாள்தான்.

இன்னொன்று, பன்னிரண்டு ஊசி. குழாய்களை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஊசி வழியாகக் காற்றை ஊதினால் பென்சீன் பறந்துவிடும். ஊதுவதற்கு நைட்ரஜன் சிலிண்டர் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது.

"சிலிண்டர் எதுக்கு? கீழ காத்து அனுப்பற கம்ப்ரசர் பைப்பு லேப் சுவத்து மேலயே போவுது. ஓசிக் காத்து," என்றார் சூப்பரின்டெண்ட்.

அம்சவேணி கேட்டாள்: "சார், பறக்கற பென்சீன் எங்க போவும்?"

"ஜன்னல் இருக்குதே."

சௌந்தரராஜன் சிரித்தான். இருபது வருஷம் டிரில் பிடித்தவன். "இன்னாக்கா பயப்படறே? பைப்புக் காத்துக்கா அது! கீழ பிளாஸ்டிங் முடிஞ்சு புகை அடைச்சா நாங்க எதை மூஞ்சில புடிக்கறோம்? அந்தப் பைப்போட ரப்பர் ஓஸைத்தான். எத்தினி பேரு அதால பொழைச்சிருக்கான்! அந்தக் காத்து உன் லேபுக்கே வருது, வேணாங்கறியா?"

கோவிந்தனும் இதையேதான் சொல்லுவான். மூச்சு முட்டும்போது பைப்பைத் திறந்தால் உயிர் வந்த மாதிரி இருக்கும் என்பான். சுரங்கத்தில் இறங்குகிற எவனைக் கேட்டாலும் பைப்புக் காற்று நல்ல காற்று. அந்த நம்பிக்கையில் சங்கம் கை தூக்கியது. அவளும் தூக்கினாள். கீழே அந்தக் காற்று புகையை ஆளிடமிருந்து விரட்டும். இங்கே பென்சீனை ஆள் மேல் விரட்டப் போகிறது. அந்த வித்தியாசம் அந்த அறையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மெஷின் வந்தது. பன்னிரண்டு ஊசியும் சீறின. தித்திப்பான வாசனை அறை முழுக்க. ஜன்னலைத் திறந்தால் தராசு ஆடும், மூடு என்பார்கள். மூடினால் வாசனை. மத்தியானத்துக்குள் அவளுக்குத் தலை கிறுகிறுக்கும். சில மாதம் போனது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். வளையல் அழுத்திய இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற கேஜ் பக்கம் மேடேற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பரின்டெண்டிடம் போனாள். "சாப்பிடாம வர்றே," என்றார்.

சங்க ஆபீசுக்குப் போனாள். "பழகிடும்கா. புது மெஷினு, நம்ம சங்கமே கேட்டு வாங்கினது. இப்ப வேணாம்னா அவனுங்க சிரிப்பானுங்க," என்றான் சௌந்தரராஜன்.

"அவனுங்க சிரிக்கக் கூடாது, நான் சாவலாம். அப்படித்தான?"



இதற்கிடையில் வேறு ஒன்று நடந்தது. சுரங்கத்தில் எந்த ஆழத்தில் எடுத்த சாம்பிளிலும் எண்ணெய் ஏறிக்கொண்டே போனது. இப்படிப் போனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே காற்றை மாற்றச் செலவு செய்ய வேண்டும். சூப்பரின்டெண்டுக்குத் தூக்கம் போச்சு. கோதண்டராமன் வழக்கமான ஒரு சோதனை செய்தார். ஒரு குழாயில் வெறும் பென்சீன். காகிதமும் கிடையாது, சாம்பிளும் கிடையாது. அதை ஊசிக்கடியில் வைத்துக் காய வைத்தார். அடியில் எண்ணெய் மின்னியது.

கம்ப்ரசருக்கு ஊற்றுகிற எண்ணெய் காற்றோடு பைப்பில் வருகிறது. எண்ணெய் அளக்கிற குழாய்க்குள் எண்ணெயையே ஊதியிருக்கிறார்கள். அதுவும் கமிட்டி போட்டு, கை தூக்கி.

ஒரு வாரத்தில் பம்பாய்க்குத் தந்தி பறந்தது. சுழலும் குடுவைக்கு ஆர்டர். தண்ணீர்? ஒரு தொட்டி, ஒரு சின்ன பம்பு, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். ஐஸ் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் அந்தப் பெரிய தண்ணீர்ப் பிரச்னை.

சூப்பரின்டெண்ட் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். "புது மெஷின் வருது. ரீடிங் சுத்தமா இருக்கும். அம்சவேணி, உனக்கும் வாசனை இருக்காது. சந்தோஷமா?"

அம்சவேணி எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"நான் ஆறு மாசமா கத்தினேன். ஈறுல ரத்தம்னு வாயத் திறந்து காட்டினேன். சாப்பிடலன்னீங்க. இப்ப ஒரு குழாயில எண்ணெ ஒட்டிச்சு, தந்தி அடிச்சீங்க. குழாய் கெட்டா மெஷின் மாத்துவீங்க. பொம்பள கெட்டா ஜன்னலத் தொற. நல்லா கீது சார் உங்க நாயம்."

"இங்க பாரும்மா, அது டெக்னிக்கல் விஷயம்..."

"நீ வாய மூடிகினு ஏன் குந்தினு கீறே?" என்று சௌந்தரராஜன் பக்கம் திரும்பினாள். "பைப்புக் காத்து பொழைக்க வைக்கும்னியே. வா, வந்து அந்த ஊசி முன்னால ஒரு ஷிப்ட் நில்லு."

அவன் வெட்கப்பட்டான், படட்டும். ஆனால் அடுத்து அவள் கேட்டதற்குத் துணை நின்றவனும் அவன்தான். இதை எழுதாமல் விட்டால் அது பொய்.

அவள் கேட்டது இது: "வெறும் குழாய டெஸ்ட் பண்ணீங்க இல்ல? என்னையும் பண்ணுங்க. என் ரத்தத்த எடுங்க. எடுக்கற வரைக்கும் அந்தப் பைப்ப எவனும் தொறக்கக் கூடாது."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போனாள். வால்வை மூடினாள். ரப்பர் ஓஸைப் பிடுங்கி, கீழே ஆட்கள் செய்கிற மாதிரி, பைப்பு வாயில் ஒரு மரக்கட்டையை வைத்து இடித்து இறுக்கினாள். ஒவ்வொரு அடியும் சரியாக விழுந்தது. "அக்கா கேட்டது சங்கத்தோட கோரிக்கை," என்றான் சௌந்தரராஜன். கோதண்டராமன் மெஷினின் ஸ்விட்சை அணைத்தார்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பென்சீன் மூச்சில் போய்க்கொண்டே இருந்தால் உடம்பில் ரத்தம் ஊறாது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் பன்னிரண்டு. கம்பவுண்டர் ரத்தம் எடுத்தார், பார்த்தார், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

ஐந்து.