பெட்டி திறக்கும் கை

மாதம் ஒரு பெட்டி வரும், உள்ளே தின்பண்டமும் சின்னச் சின்னப் பொருள்களும். ஒரு மாதம் ஜப்பான், இன்னொரு மாதம் கொரியா. எங்கள் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா அதை வாங்கி வைத்திருப்பார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது என் மகள் இந்தச் சந்தாவைத்தான் கேட்டாள். தோடு கேட்டிருந்தாலாவது வீட்டில் கிடக்கும் என்று என் கணவர் முனகினார். பணம் கட்டுவது நான், முனகுவது அவர். எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான்.

எனக்கு அதில் சுயநலம் இருந்தது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அம்மாவோடு பேச என்ன இருக்கிறது? கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல மா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். பெட்டி வந்தால் மட்டும் அவளே என்னைத் தேடி வருவாள். மேசை மேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, நான் பெட்டியைத் திறக்க, அவள் மேலேயிருந்து போனைப் பிடித்துப் படம் எடுத்து இணையத்தில் போடுவாள். முகம் வராது. கையும் குரலும்தான்.

அந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்று நான் பெருமையாக நினைத்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அடுக்கிலிருந்து சேலையை மடிப்புக் கலையாமல் உருவி, ஒரே வீச்சில் விரித்து, வாங்க வந்தவர் மடியில் முந்தானை போய் விழும்படி காட்டுவது என் தொழில். பெட்டியையும் அப்படித்தான் திறந்தேன். ஜப்பான்காரர்கள் ஒரு பிஸ்கட்டுக்கு மூன்று சட்டை போட்டு அனுப்புவார்கள். அந்த மூன்றையும் கிழியாமல் நகத்தாலேயே நெம்பி எடுப்பேன். "செம்ம ஸ்மூத்தா திறக்கிறீங்க மா" என்பாள் மகள். எனக்கு அது போதும், அடுத்த மாதம் வரைக்கும் தாங்கும்.

தின்பண்டம் வந்தால் பின்பக்க எழுத்தைப் போனில் காட்டி மொழிபெயர்த்துப் பார்ப்போம். மாட்டிறைச்சி என்று வந்தால் பொட்டலம் கீழ்வீட்டுச் சீன அம்மாவுக்குப் போய்விடும். ஒருமுறை அவசரப்பட்டு ஒரு கொரியச் சிப்ஸைப் படிக்காமலே வாயில் போட்டுவிட்டேன். பாதி மென்றபோது மகள், "மா, மாட்டு எலும்பு சூப்புனு போட்டிருக்கு மா" என்றாள். நான் துப்பிவிட்டுப் போட்ட கூச்சலில் அவள் போனைக் கீழே போட்டாள். முருகா முருகா என்று நான் கத்தியதையும் சேர்த்து அந்தப் படத்தைப் போட்டுவிட்டாள். இத்தனை நாள் சீண்டாதவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். அம்மா சூப்பர் என்று எழுதினார்கள். நடுவில் ஒருவர் மலாயில் கேட்டிருந்தார், அந்தக் கை யாருடையது, உங்கள் வீட்டு பிபிக்கா?

பிபிக் என்றால் இங்கே வீட்டு வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்து வரும் பெண். கறுத்த கை பெட்டி திறந்தால் அது வேலைக்காரியுடையதாகத்தானே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது மகள் அதை அழித்திருந்தாள்.

அடுத்த பெட்டி வந்த அன்று ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை நீட்டினாள். "உள்ள பாடகருங்க போட்டோகார்டு இருக்கும் மா. விரல் பட்டா அடையாளம் விழுந்துடும். கொரியால எல்லாம் இப்படித்தான்." நம்பினேன். கையுறைக்குள் நகம் வேலை செய்யவில்லை, ஒட்டுத்தாள் தாறுமாறாகக் கிழிந்தது. அதற்கடுத்தது ஜப்பான் பெட்டி. அதில் அரிசி பிஸ்கட்டும், தேநீரும், நீல அலை அச்சிட்ட ஒரு கைத்துண்டும் இருந்தன. அட்டையும் இல்லை, பாடகரும் இல்லை. அதற்கும் கையுறையை எடுத்து வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடையில் இது எனக்குப் பழகிப்போன ஒன்று. சேலையை விரிப்பது நான். "தோள்ல போட்டுக் காட்டுங்க" என்று யாராவது கேட்டால், முதலாளி என்னைத் தாண்டி, கவரிங் நகைப் பக்கம் நிற்கும் சிவத்த பெண்ணைக் கூப்பிடுவார். "தங்கச்சி, கொஞ்சம் வந்து போட்டுக் காட்டும்மா." அவள் தோளில் விழுந்ததும் சேலைக்கு மவுசு வந்துவிடும். அப்புறம் மடித்து வைக்க நான். இத்தனைக்கும் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் என் நிறம்தான். அதற்கெல்லாம் எப்போதோ அழுது முடித்துவிட்டேன். சம்பளம் வாங்குகிற இடம், போகட்டும் என்று விட்டேன். வீட்டுக்குள் என் பிள்ளையிடமிருந்து அது வந்தபோது அப்படி விட முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"மா, இந்த தடவ அத்தைய திறக்கச் சொல்லட்டா? உங்களுக்கும் டயர்டா இருக்கும்ல."

அத்தை என்றால் என் கணவரின் தங்கை. பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறாள். நல்ல சிவப்பு. எங்கள் கல்யாணத்தில் படம் எடுக்க வந்தவர் மணப்பெண் அவள்தான் என்று நினைத்து முதலில் அவளைத்தான் உட்காரச் சொன்னார்.

"ஏன், என் கைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல லா மா. சும்மா, ஒரு சேஞ்சுக்கு."

"கையுறை அவளுக்கும் உண்டா?"

நான் வெங்காயத்தைத் தேவைக்கு மேல் நறுக்கித் தள்ளினேன்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். கையுறை வெளியே வரவில்லை. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தரிக்கோலால் பெட்டியைக் குத்தினாள், உறையைப் பல்லால் கடிக்கப் போனாள். "அண்ணி, நீங்களே வாங்க. எனக்கு இதெல்லாம் வராது" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் நல்லவள், அதனால் அவளைத் திட்டவும் வழியில்லை. "பரவால்ல அத்த, அழகா இருக்கு" என்றாள் மகள். படம் போட்ட கொஞ்ச நேரத்தில், கை எவ்வளவு அழகு என்று யாரோ எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நாத்தனார் போனதும் நான் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். "என் கை அசிங்கமா இருக்கா உனக்கு? இந்தக் கைதானே உன்னக் குளிப்பாட்டிச்சு, சோறு ஊட்டிச்சு?"

அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். "உங்க கைய மட்டும் சொல்லல மா" என்றாள். "என் கைய ஒரு தடவகூட நான் காட்டினதே இல்லயே. அதனாலதானே முதல்லேர்ந்து உங்களத் திறக்கச் சொன்னேன்."

என் திறமைக்காகக் கூப்பிடுகிறாள் என்று பூரித்துப் போயிருந்தேன். அவள் தன்னை மறைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். சோபாவில் உட்கார்ந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைய பெட்டியில் வந்த ரோஸ் நிறக் குழாய் ஒன்று கையில் இருந்தது. கையை வெளுப்பாக்கும் கிரீமாம். தன் விரல்களில் தேய்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கொடுங்க மா, உங்களுக்கும் போட்டு விடறேன்" என்றாள். குரலில் அவ்வளவு பாசம்.

பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அதற்குள் அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொடக்கப்பள்ளி வாசலில் என் கையை விட்டவள், அதற்கப்புறம் அன்றுதான் பிடிக்கிறாள். ஒவ்வொரு விரலாக, வெடிப்பு விட்ட இடங்களில் அழுத்தாமல், பொறுமையாகத் தேய்த்தாள். ஒரு கை முடிந்தது. நான் மற்றதையும் நீட்டினேன்.