செல்வத்துக்குப் பிடித்த சூப்பு

வீட்டுக்குக் கடிதம் எழுதியதைத் தவிர எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசினாலே வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

துபாயில் சீனர்கள் அதிகம் இருக்கும் பகுதியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் கோழி, மீன். பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு, அதில் ‘முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்’ என்று பலகை. பன்றி இறைச்சிக்கு இந்த நாட்டில் இப்படித் தனி அறை. முதல் தடவை அந்தக் கதவைத் தள்ள எனக்குக் கை வரவில்லை. செல்வம்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினான். “மருந்துன்னு நெனச்சுக் குடிண்ணே. பாவம் சேராது.”

அபுதாபி பக்கம் முசஃபாவில் நானும் அவனும் ஒரே ரூமில் ஒன்பது வருடம் இருந்தோம். அதற்கு முன் அவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன். அங்கே பழகியது பாக் குட் தே என்கிற இந்தச் சூப்பு. மண்சட்டியில் பன்றி விலா எலும்பும் முழுப் பூண்டும் மிளகும் சீன மூலிகைகளும் போட்டு, கறி எலும்பை விட்டுக் கழலும்வரை கொதிக்க வைப்பார்கள். மூடியைத் திறந்தால் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். செல்வம் பூண்டைத் தோலோடு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவான். கடைக்காரம்மா மலேசியச் சீனர். கேட்காமலே அவனுக்கு மட்டும் பூண்டு அதிகம் போடுவார்.

எங்கள் பக்கத்தில் பன்றி தின்பவன் என்று தெரிந்தால் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார மாட்டார்கள். ரூமில் ராமநாதபுரத்து பஷீர் பாயும் எங்களோடு ஒரே சட்டியில் சாப்பிடுபவர். அதனால் அந்தக் கடை வாசலிலேயே சோப்புப் போட்டு வாய் கழுவி, சோம்பு மென்றுகொண்டுதான் பஸ் ஏறுவோம். பாய் எங்களைப் பார்த்ததும், “என்னங்கடா, ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றீங்களா?” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம் டூட்டி முடிந்து வந்த செல்வம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உடல் ஊருக்குப் போனது. கூடப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை.

காரியத்துக்கு முந்தின வாரம் அவன் மனைவி மலர் போன் செய்தது.

“அண்ணே, பதினாறாம் நாள் படைக்கணும். அவருக்கு என்னண்ணே ரொம்பப் பிடிக்கும்?”

“நீ வச்சது எல்லாம் பிடிக்கும்மா.”

“அது லீவுல வந்தப்ப எனக்காகச் சொன்னதுண்ணே. அவரா ஆசப்பட்டுச் சாப்பிட்டது எதுன்னு உங்களுக்குத்தானே தெரியும். எனக்குத் தெரியலியேண்ணே.”

அந்தப் பெண் அழுதது. மாமனார், மாமியார், பங்காளிகள் நிறைந்த வீடு அது. அவன் படத்துக்கு முன்னால் பன்றி என்ற பெயரையே எடுக்க முடியாது. “வஞ்சிர மீன் வறுவல்” என்றேன்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பஷீர் பாய் என்ன என்று கேட்டார். சொன்னேன், எதைச் சாப்பிடுவோம் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

“ஞாயித்துக்கிழமை பிக்கப் சும்மாத்தான் நிக்குது. வா, போவோம்.”

“எங்க பாய்?”

“உங்க மருந்துக் கடைக்குத்தான்.”

கடைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கவில்லை. நான் உள்ளே போய் இரண்டு கிண்ணம் கேட்டேன். எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒன்றை வைத்தேன். கடைக்காரம்மா அதில் பூண்டை அள்ளிப் போட்டுவிட்டு, “பிரதர் எங்கே? வெக்கேஷனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ். வெக்கேஷன்.”

“குட், குட். வைஃப் ஹாப்பி.”

தலையை ஆட்டினேன். அந்தக் கடையில் சூப்பு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். என் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, ஆறிப்போன மற்றதை எடுத்துச் சூடாக மாற்ற வந்தார். நான் கையால் மூடிக்கொண்டேன். படைத்ததை எப்படிக் கொட்டக் கொடுப்பேன்? அதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது? அவர் சிரித்துவிட்டுப் போனார். மனதுக்குள் அவன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். பிறகு கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, ஆடை படிந்த அந்தச் சூப்பைக் குடித்தேன். பூண்டைக்கூட விடவில்லை. எங்கள் ஊருக்கும் ஆகாத, இந்த ஊருக்கும் ஆகாத சாப்பாடு. அவனுக்காக அழ எனக்குக் கிடைத்த இடம் அந்தத் தனி அறைதான்.

வெளியே வந்து, வழக்கம்போல் வாய் கழுவத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். பாய் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறு, பரவாயில்ல. சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான் பாய்.”

மறுநாள் ஊரில் காரியம் முடிந்தது. நான் டூட்டியில் இருந்தேன். வஞ்சிரம் வறுத்து வைத்ததாகவும், காக்காய் உடனே வந்து எடுத்ததாகவும் மலர் போனில் சொன்னது.