பூஜையில் ஏறிய ராலி நோட்டு

வீட்டில் சித்தி சொல்வது எதுவும் எங்கள் சித்தப்பாவின் காதில் ஏறாது. தயிர் வாங்கி வரச் சொன்னால் பேப்பர் வாங்கி வருவார். காரில் ஏறிவிட்டாலோ சித்தியின் சொல்தான் வேதவாக்கு. தேசிய ராலிப் பந்தயத்தில் அவர் ஓட்ட, பக்கத்தில் சித்தி மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்று வாசித்துக்கொண்டே வருவாள். கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் அந்த வாசிப்பை நம்பித்தான் அவர் காரை விடுவார்.

அந்த வருஷம் கடைசிச் சுற்று எங்கள் மைசூரிலேயே, சரஸ்வதி பூஜையன்று. கோயமுத்தூர் கார் ஒன்று இரண்டே புள்ளி பின்னால் இருந்தது. அதற்கு முன்னால் வந்துவிட்டால் சாம்பியன் பட்டம் எங்களுக்கு. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்திருந்தேன்.

சரஸ்வதிக்கும் சொல்லி வைக்க வேண்டாமா? விடிந்ததும் என் பாடப் புத்தகங்களோடு சித்தியின் நோட்டையும் பூஜையில் அடுக்கி, அதற்கு மட்டும் இரண்டு குங்குமப் பொட்டு வைத்தேன். பூஜை முடிந்து கிளம்பும்போது சித்தி நோட்டைத் தேடினாள். நான் பெருமையாகக் கூடத்தைக் காட்டினேன்.

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை எடுக்கக் கூடாது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். சித்தப்பாவோ சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை நகர்த்தாதவர். பூஜையைக் கலைத்தால் சாவியையே தொடமாட்டார். அந்த நேரம் பார்த்து புத்தகங்களுக்கு முன்னால்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

சித்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், புது நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. எழுதாத நோட்டில் படிப்பு ஏது என்று அதை மட்டும் பூஜையில் வைக்காமல் விட்டிருந்தேன். அதே பழுப்பு அட்டை.

"அவருக்குத் தெரியக் கூடாது. நீ சும்னே இருக்கணும், வாயே திறக்கக் கூடாது, ஆயித்தா?" என்றாள்.

"பாதை பூரா ஞாபகம் இருக்காடி?" என்று பின்னாலேயே வந்த அம்மா கேட்டாள். சித்தி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பா என்னை ஸ்கூட்டரில் பந்தயப் பாதை போகும் தைலமரத் தோப்புக்கு அழைத்துப்போனார். முதலில் சத்தம் வந்தது, பிறகு செம்மண் புழுதி, அதற்குள்ளிருந்து எங்கள் கார்! பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வளைவுக்குள் பாய்ந்தது. உள்ளே சித்தி குனிந்த தலையோடு உதடு அசைய, வெற்றுத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா ஏனென்று கேட்டும் மூச்சு விடவில்லை.

நான்கு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தோம். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். சித்தப்பா பார்த்தவரிடமெல்லாம், "இன்னிக்கு மாதிரி இவ ஒருநாளும் படிச்சதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி வெகுநேரம் காரை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் கேட்டாள், கொடுத்ததில் பாதியை மடியிலேயே கொட்டிக்கொண்டாள். வெயிலில் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் கொடுத்த நோட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆனால் தாள்களெல்லாம் வியர்வையில் ஊறி, ஓரம் சுருண்டு, விரல் பதிந்த இடங்களில் கிழிந்திருந்தன. புது நோட்டை இப்படிப் பாழாக்கிவிட்டாளே என்று இரண்டு நாள் சித்தியோடு நான் பேசவில்லை.