ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர்

எங்கள் காரை ஓட்டுவது நான்தான். பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். என் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோப்புகளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தக் கை வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை. குளியலறைக் குழாய் சொட்டினால் அடியில் வாளியை வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் மூன்றே வாரத்தில், செல்போனில் வீடியோ பார்த்து, கார் எஞ்சினைக் குளிரவைக்கும் கலையில் நிபுணர் ஆனார்.

காரணம் என்னவோ உண்மையானதுதான். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் குறைந்துகொண்டே வந்தது. வாரம் ஒருமுறை நான் தண்ணீர் ஊற்றி நிரப்புவேன். அடுத்த வாரம் மறுபடியும் இறங்கியிருக்கும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

"மெக்கானிக்குமாரு எல்லாம் களவாணிப் பயலுவ, ஏட்டி. நல்லா இருக்க சாமானையும் மாத்திப் போடுவானுவ. இனிமே வண்டிக்கு வைத்தியம் நம்ம வீட்டுலயேதான்" என்றார்.

நாலைந்து நாளில் கூரியரில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. திறந்தால், உள்ளே ஒவ்வொரு சாமானும் தன் அச்சில் பதிந்து படுத்திருந்தது. ரேடியேட்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவைக் கண்டுபிடிக்க, மீட்டர் வைத்த ஒரு கைப்பம்பு. அதை மாட்ட விதவிதமான நிறங்களில் மூடிகள். ரேடியேட்டர் வாயில் நிறுத்திவைத்துக் காற்றுக் குமிழியை வெளியேற்ற ஒரு பெரிய மஞ்சள் புனல். கை நுழையாத இடத்தில் இருக்கும் ரப்பர் ஹோஸின் கிளிப்பைப் பிடிக்க, நீண்ட வயர் கொண்ட கொறடு. எட்ட நின்று சூடு பார்க்க ஒரு துப்பாக்கி. கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னக் குழல் ஒன்று வேறு.

"இது என்னத்துக்கு?" என்று குழலைக் காட்டிக் கேட்டேன்.

"கூலன்ட் எத்தனை டிகிரியில உறையும்னு காட்டும்."

"திருநெல்வேலியிலயா?"

அவர் குழலை மறுபடி அதன் அச்சில் வைத்து அழுத்தினார். அது சித்திரை மாதம். மொட்டைமாடியில் காயப்போட்ட வத்தல் அரை நாளில் முறுகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலைகளில் அவருக்கு வேறு வேலை இல்லை. பழைய பெட்ஷீட்டை விரித்துச் சாமான்களை வரிசையாக அடுக்குவார். போட்டோ எடுத்து அலுவலகக் குழுவுக்கு அனுப்புவார். பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார். சூடு பார்க்கும் துப்பாக்கியை எஞ்சினில் நீட்டியதைவிடத் தோசைக்கல்லில் நீட்டியதுதான் அதிகம். ஒருநாள் என் நெற்றிக்கும் நீட்டினார். சர்ச் சபையிலிருந்து யாராவது வந்தால் காப்பிக்கு முன்னால் பெட்டி வரும். வந்தவர்கள் அந்தக் கொறட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு இதெல்லாம் வருது பாருங்க" என்பார்கள். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

ஒரேயொரு முறை பம்பை மாட்டி அடித்தார். மீட்டர் முள் ஏறியது. பிறகு பையப் பைய இறங்கியது. அப்படி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதற்காகத்தானே அந்தக் கருவி. அவரோ, "மூடி சரியா உக்காரல" என்று சொல்லிக் கழற்றத் தொடங்கினார். நான் குனிந்து பார்த்தேன். கீழே போகும் ஹோஸ் எஞ்சினோடு சேரும் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதன்மேல் புதிதாக ஒரு சொட்டு.

"அந்த முனையைப் பாருங்க. அங்கனதான் ஒழுகுது."

"அது பழைய கறை. நீ புஸ்தகத்துல படிச்சவ. இது பிராக்டிகல். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் உள்ளே போய்விட்டேன். அடுத்த நாளே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கலாம். விடவில்லை. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் அவர் அசடு வழிவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் உவரிக்காரர். கடற்கரையில் புது வீடு கட்டி, மந்திரிப்புக்குக் கூப்பிட்டிருந்தார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து செபம் சொல்லி வீட்டுக்குத் தீர்த்தம் தெளிப்பார், பிறகு சாப்பாடு. என் கணவரும் வந்தார். சிவப்புப் பெட்டியையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பதினொரு மணி வெயில். நாங்குநேரியில் நாலுவழிச் சாலையை விட்டு, திசையன்விளை ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்தேன். அப்போதும் ஏறியது. ஒரு புளியமரத்துக்கு அடியில் நிறுத்தி எஞ்சினையும் அணைத்தேன்.

அவர் எனக்கு முன்னால் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். ஹோஸ் முனையிலிருந்து மெல்லிய ஆவி வந்துகொண்டிருந்தது. துப்பாக்கியை எடுத்து ரேடியேட்டர் மூடியின் மேல் சிவப்புப் புள்ளியை வைத்தார்.

"நாப்பத்தி மூணுதான். ஆறிட்டு" என்றார்.

அந்த மூடி பளபளப்பான உலோகம். பளபளப்பான பரப்பில் அந்தத் துப்பாக்கி பொய் சொல்லும். எவ்வளவு கொதித்தாலும் குறைத்துத்தான் காட்டும். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்த கணத்தில் கொதித்துப் பாயும். இரண்டையும் நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அவர் கைக்குட்டையை நாலாக மடிப்பதைப் பார்த்தேன். மூடியின் மேல் வைப்பதைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. 'ஒனக்கு ஒண்ணும் தெரியாது' என்பது மட்டும் காதில் கேட்டது. சொல்லவில்லை.

மூடி திரும்பியதும் சீறிக்கொண்டு பச்சைத் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. வலது கை, முழங்கை வரை வெந்துவிட்டது. அவர் அலறவில்லை. "ஏட்டி... ஏட்டி..." என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் கையில் ஊற்றினேன். உவரியிலிருந்து மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று நின்றது. ஓட்டிவந்தவர் அறுபது வயதுக்காரர். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

"சூட்டோட தொறந்துட்டாவளோ? எம்மா, ஐஸ் வைக்கட்டா?"

"ஐஸ் வேண்டாம் அண்ணாச்சி. பச்சத் தண்ணிதான் வேணும், நெறைய."

கேன் கேனாக இறக்கினார். கால் மணி நேரத்துக்கு மேல் ஊற்றிக்கொண்டே இருந்தோம். "சாரை நாங்குநேரி ஆஸ்பத்திரியில எறக்கி விடுதேன். நீங்களும் ஏறுங்க" என்றார்.

நான் வண்டியைப் பூட்டப் போனேன். அதற்குள் என் கணவர், "நீ வண்டிய விட்டுட்டு வராத. பெட்டி உள்ள கெடக்கு. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்" என்றார். வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். அந்த நொடி வரை அவர்மேல் எனக்கு வந்திருந்த இரக்கம் அப்படியே வடிந்துவிட்டது. "போய்ட்டு வாங்க" என்றேன். மீன்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் இரண்டு கேன் தண்ணீரை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போனார்.

ஒரு மணி நேரம் எஞ்சினை ஆறவிட்டேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். கருவிகளின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல கருவிகள். வயர் கொறட்டை எஞ்சின் இடுக்கில் இறக்கினேன். அது கிளிப்பைக் கவ்வி, பூட்டி நின்றது. ஹோஸைத் திருகி உருவினேன். முனை வெடித்திருந்தது, விரல் நகம் அளவுக்குத்தான். வெடித்த பாகத்தைக் கைப்பையில் இருந்த பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மாட்டிக் கிளிப்பை ஏற்றினேன். புனலை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டேன். குமிழி குமிழியாகக் காற்று வந்தது, பிறகு நின்றது. புதுச் சேலையெல்லாம் கரி. முள் நடுவில் நின்றது, அசையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை வெந்த கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ரோட்டில் தனியாக நின்று நான் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடி மட்டமான சரக்கு என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பாளையங்கோட்டையை நெருங்கும்போது கேட்டார்:

"மிஷின் நாப்பத்தி மூணுன்னுதான காட்டிச்சு?"

"பளபளன்னு இருக்க உலோகத்துல அது கொறச்சித்தான் காட்டும்."

"அது ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்து, நான் கதவைத் திறந்துவிட்டபோதுதான் வாய் திறந்தார். "பாத்துக்கிட்டுதான நின்ன" என்றார். நான் பின்சீட்டிலிருந்து சிவப்புப் பெட்டியை இறக்கினேன்.

ஒன்றரை மாதம் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான். தலை துவட்டிவிட்டது நான். பார்க்க வந்தவர்களிடம் அவர், ஒழுகிய இடத்தைத் தானே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிட்டதாகவும், கிளிப்பைத் தான் சொல்லச் சொல்ல நான் மாட்டியதாகவும் கதை சொன்னார். மாட்டும்போது அவர் ஐந்து மைல் தள்ளி மருந்து வாசனையில் படுத்திருந்தார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். காப்பி கொடுத்தபடி நானும் பேசாமல் இருந்தேன். மறுத்துப் பேசினால் மிச்சத்தையும் அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் மறுபடி எடுக்கவில்லை. அது பெருந்தன்மையா, மனைவி வேண்டுமென்றே பேசாமல் நின்றாள் என்று வெளியே சொல்ல வெட்கமா என்று எனக்குத் தெரியாது. வெட்கம்தான் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. இப்போது கூலன்ட் பார்ப்பது, ஹோஸ் மாற்றுவது எல்லாம் நான்தான். அவர் வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பைய திருகு, பைய" என்பார். நான் திருகிக்கொண்டே இருப்பேன். முழங்கை வரை வெளிறிய தோலோடு அந்தக் கை நாற்காலிப் பிடியில் கிடக்கும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.