“அப்டேட் போட்டது நான்தான் சார்” என்ற செலின் அக்கா

விழுப்புரம் நிலையத்தில் காலை பாசஞ்சருக்காக நின்றிருந்தபோது செலின் அக்காவின் தங்கை ஜெயராணியிடமிருந்து போன் வந்தது. “அண்ணா, அக்கா போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. சாயந்தரம் நாலு மணிக்கு முகையூர்லயே அடக்கம். வந்துடுங்க” என்றார். வருகிறேன் என்றேன். ரயில் வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். “சார், எதனா தொலைச்சிட்டீங்களா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

எங்கள் கணினிப் பயனர் குழுவின் மலருக்கு அக்காவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை போதுமாம். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொல்லவேண்டிய ஒன்றை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எழுதினால் அது பூசி மெழுகுவது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து உலாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை முதலில் பார்த்தது 1993இல், விழுப்புரத்தில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில். அவர் முகையூர்க் கத்தோலிக்கக் குடும்பம்; அப்பா லாரி டிரைவர். நான் பனமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அன்றே அக்கா ஆகிவிட்டார். பன்னிரண்டு பேருக்கு இரண்டே கம்ப்யூட்டர். நாங்கள் அதைத் தொடுவதற்கு முண்டியடிப்போம், அவர் ஓரமாக உட்கார்ந்து கையேட்டைப் படிப்பார். “ஓட்டிப் பாக்காம ஏங்க்கா படிச்சிக்கினே இருக்கீங்க?” என்று கேட்டேன். “பிரேக்கு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினு ஓட்டலாம்ப்பா” என்றார். டிரைவர் மகள் அல்லவா.

சில வருடங்கள் கழித்து இருவரும் திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தோம். நோயாளிகளின் பதிவுக்கான நிரலை ஒரு திறமூல மொழியில் எழுதினோம். அந்த மொழிக்கு முதலாளி கிடையாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், பழுது கண்டால் சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்பு அப்டேட் ஒன்று வரும். புது வசதி எதுவும் இருக்காது. பழைய ஓட்டைகளை அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். என்னென்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு பத்துப் பதினைந்து பக்கத்துக்கு நீளும். நாங்கள் யாரும் அதைச் சீந்த மாட்டோம். அக்கா அதை அச்செடுத்து, விழுப்புரம் – திண்டிவனம் ரயிலில் சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் படிப்பார்.

“வெறும் ஒட்டுப் போட்ட சமாச்சாரம், இதுக்குப் போயி எதுக்குக்கா இந்தப் பாடு?” என்று நான் கிண்டல் செய்வேன்.

“புதுசு வந்தா ஊரே பாக்கும். ஒட்டுப் போட்ட எடத்த யாரு பாக்கறது?” என்பார்.

ஒருமுறை அவரே ஒரு பழுதைக் கண்டுபிடித்து எழுதினார். கோப்பின் கடைசி வரியை அந்த மொழி சில நேரங்களில் விழுங்கிவிடும். அடுத்த அப்டேட்டில் அது திருத்தப்பட்டது. நன்றி சொல்லும் பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. அன்று ரயிலில் பெட்டி முழுவதற்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம் சொன்னார், ஒருவருக்கும் புரியவில்லை. முறுக்கு மட்டும் தீர்ந்துவிட்டது.

இனிதான் நான் எழுதத் தயங்கும் பகுதி.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு பராமரிப்பு அப்டேட் வந்தது. பெயரைச் சொன்னால் தகவலை எடுத்துக்கொடுக்கும் ஒரு வகைப் பட்டியல் எங்கள் மொழியில் உண்டு. அதில் உள்ளவற்றை எந்த வரிசையில் தரும் என்று அந்த மொழி யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் வருடக்கணக்காக ஒரே வரிசையில் தந்து நம்மைப் பழக்கிவிட்டது. வெளியாட்கள் விஷமம் செய்து கணினியை முடக்காமலிருக்க, இனி ஒவ்வொரு முறையும் வரிசை மாறும் என்று குறிப்பின் நடுவில் ஒரே ஒரு வரி. ரயிலில் அக்கா அதன்கீழ் சிவப்பில் கோடு போட்டார்.

“ஏழுமலை, லிஸ்ட்டுல வரிசைய நம்பி எங்கனா எழுதிக்கிறியா?”

“இல்லக்கா.”

“பாத்துட்டுச் சொல்லுப்பா.”

“பாத்துட்டுதான் சொல்றேன்.”

நான் பார்க்கவில்லை. வேகவைத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். என் வார்த்தையை நம்பி அவர் புதன்கிழமை மாலை அப்டேட்டைப் போட்டார்.

கண்புரை அறுவைக்கு முன் இரண்டு தாள்கள் அச்சாகும். ஒன்றில் வரிசை எண்ணும் பெயரும். இன்னொன்றில் வரிசை எண்ணும் கண்ணுக்குள் வைக்கவேண்டிய லென்சின் பவரும். இரண்டையும் தனித்தனியாக அச்சிடும்படி எழுதியவன் நான். இரண்டிலும் வரிசை ஒன்றாகவே வரும் என்று நம்பி எழுதியவனும் நான். வியாழக்கிழமை காலை முகையூர் கண் முகாமிலிருந்து வேனில் வந்தவர்கள் கண்ணில் சொட்டு மருந்தோடு பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுநாள் மூன்று நோயாளிகளுக்குக் கையால் எழுதிய பவர் சீட்டை அச்சுத் தாளோடு ஒப்பிடுவது அக்காவின் வழக்கம். முதல் சீட்டிலேயே பவர் வேறாக இருந்தது. ஒருநாளும் வேகமாக நடக்காத அக்கா ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஓடினார். “டாக்டர், நிறுத்துங்க. லிஸ்ட்டு தப்பு.”

யார் கண்ணிலும் தப்பான லென்ஸ் போகவில்லை. ஆனால் அன்றைய அறுவைகள் அத்தனையும் நின்றன. கண்ணுக்கு மருந்து போட்ட பெரியவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வேனில் திரும்பிப் போனார்கள். பெரிய டாக்டர் எங்கள் அறைக்கு வந்தார். “நல்லா ஓடிட்டிருந்ததை யார் தொட்டது?”

“அப்டேட் போட்டது நான்தான் சார்” என்றார் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், “அப்டேட்லதான் சார் ஏதோ ஆயிருக்கு” என்றேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நினைத்தவர்போலக் காத்திருந்தார். நான் முடித்துவிட்டிருந்தேன்.

அன்று சாயந்தரமே என் நிரலை அவர் திருத்தினார், இரண்டே வரி. எங்கள் மாற்றக் குறிப்பேட்டில் “பழைய பிழை, அப்டேட்டால் வெளியே தெரிந்தது, சரிசெய்யப்பட்டது” என்று எழுதினார். யாருடைய பிழை என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை. தன்னுடைய பிழை என்றால் முதல் ஆளாக எழுதிக்கொள்கிறவர் அவர்.

அதற்குப் பிறகு அவரைக் கணினியைத் தொடவிடவில்லை. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். மூன்று மாதம் உட்கார்ந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு முகையூரில் ஜெராக்ஸ் கடை போட்டார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போனில் பேசிக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணை அழுத்துவேன். “ஊர்ல மழ பேஞ்சிச்சாக்கா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கோழை என்பதற்கு வேறு மரியாதையான சொல் எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் கலைந்த பிறகு ஜெயராணியிடம் போனேன். அந்த வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். ரயிலில் அக்கா கேட்டதை, நான் பார்க்காமலே சொன்ன பதிலை, டாக்டர் முன்னால் அப்டேட்டின்மேல் பழியைப் போட்டதை எல்லாம் சொன்னேன்.

அவர் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. “தெரியும்ண்ணா. உங்கள ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல அவங்க. ‘ஏழுமலை நல்ல புள்ளதான், அதுவே வந்து சொல்லும்’னு சொல்லிக்கினே இருப்பாங்க.” தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “ஒரு ரெண்டு வருசம் சொன்னாங்க. அப்பறம் அதையும் சொல்றத வுட்டுட்டாங்க.”

குழி மேட்டின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. மாலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா, பிழை என்னுடையது. மூன்றே சொல், அதற்கு இத்தனை வருடம் எடுத்துக்கொண்டேன். மன்னிப்பை உங்களிடம் கேட்கும் காலம் போய்விட்டது. போய் வாருங்கள்.