நாலடிப் பள்ளமும் ஆறு படங்களும்

அம்முலு வென்றவை நான்கு. செத்துவிட்டான் என்று மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட ஒருவனை மறுபடி மூச்சுவிட வைத்தாள். அவனுக்காக வெட்டிய பள்ளத்தில் அவனை இறக்கவிடாமல் தடுத்தாள். காஞ்சிபுரத்தில் எடுத்த, பச்சைக் கரை போட்ட நூல் புடவை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. கடைசியாக, இதைச் செய்தவள் தான்தான் என்று சர்க்கார் காகிதத்தில் தன் பெயரை ஏற வைத்தாள். முதல் இரண்டும் ஒரே காலையில், பத்து மணிக்கும் பத்தரைக்கும் நடுவில் முடிந்துவிட்டன. நான்காவதற்கு நாற்பது நாள் பிடித்தது.

பெருநகரில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து தெற்கே இருநூற்றுப் பத்து தப்படி நடந்தால் தாண்டவராயன் ரைஸ் மில். அம்முலுவுக்கு அங்கே மூன்று வேலை. தரையைக் கூட்டுவது, தவிட்டைச் சாக்கில் அமுக்கிக் கட்டுவது, கண்ணாடி போட்ட ஒரு சட்டத்தைத் தினமும் துடைப்பது. காலனியிலிருந்து வருகிறவர்கள் பின்வாசல் வழியாகத்தான் மில்லுக்குள் வரவேண்டும் என்பதால், பின்வாசலை ஒட்டி மாட்டியிருந்த அந்தச் சட்டம்தான் காலையில் அவள் கண்ணில் முதலில் படும்.

சட்டத்தில் மூன்று மொழியில் எழுத்தும் ஆறு படங்களும் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் அது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். மாட்டியிருக்கும். போய்விடுவார். அம்முலு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவளில்லை. ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைத் துடைத்துக்கொண்டே பார்ப்பாள். முதல் வருடம், அது இரண்டு ஆண்பிள்ளைகளின் சண்டை என்று நினைத்தாள். ஒருவன் விழுகிறான், இன்னொருவன் கட்டையை எடுக்கிறான், மேலே ஏறி உட்காருகிறான், ஆறாவது படத்தில் போர்வை போர்த்திவிட்டுச் சமாதானமாகப் போகிறார்கள். வாயோடு வாய் வைக்கும் நான்காவது படம் மட்டும் சண்டையில் எங்கே சேரும் என்று புரியவில்லை. மில் ஃபிட்டர் கன்னியப்பனைக் கேட்டாள்.

"இன்னாண்ணா இது, இந்த ஆளு அந்த ஆளு மேல ஏறிக்கினு கீறான்?"

"கரண்டு அடிச்சா பண்ற வைத்தியம். ஒயுங்கா தொடை."

"நீ பண்ணி கீறியா?"

"எனக்கு இன்னாத்துக்கு? நம்ம ஊருக்கு நம்ம வைத்தியம் கீது."

அது உண்மைதான். கரண்டு அடித்தவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவைத்தால் உடம்பில் ஏறிய கரண்டு பூமிக்கு இறங்கிவிடும் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லோரும் நம்பினார்கள். யாரை அப்படிப் புதைத்துப் பிழைக்க வைத்தார்கள் என்று கேட்டால், அடுத்த ஊரில் ஒருவர் என்பார்கள். அடுத்த ஊரில் கேட்டால் பெருநகரைக் காட்டுவார்கள்.

சண்டையில்லை, வைத்தியம் என்று தெரிந்த பிறகு அம்முலு படங்களை வேறு மாதிரி பார்த்தாள். ஐந்தாவது படம் அவளுக்குப் புதிதாகவே இல்லை. முழங்கையை மடக்காமல், உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து, உடம்பின் பாரத்தை இறக்கி இறக்கி எடுப்பது. தவிட்டுச் சாக்கை அப்படித்தான் அமுக்க வேண்டும். கை மடங்கினால் சாக்கு உப்பிக்கொண்டு நிற்கும்.

1981, பிப்ரவரி 11, புதன்கிழமை. சம்பா நெல் வந்து குவிந்திருந்த சமயம். முதலாளியின் ஒரே மகன் சின்னராசு, இருபத்து நான்கு வயது, நெல் ஊறும் தொட்டியிலிருந்து ஈரக்காலோடு வந்து மோட்டார் சுவிட்சுப் பெட்டியில் கை வைத்தான். கை ஒட்டிக்கொண்டது. சத்தமும் போடவில்லை. பெட்டியோடு பேசிக்கொண்டிருப்பவன்போல நின்றான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"மெயினைப் புடுங்குண்ணா!" என்று அம்முலு கத்தினாள். முதல் படம். கன்னியப்பன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். அதற்குள் அவள் நெல் தள்ளுகிற காய்ந்த மரப்பலகையால் சின்னராசுவின் கையைப் பெட்டியிலிருந்து நெட்டித் தள்ளினாள். இரண்டாவது படம். சின்னராசு மல்லாந்து விழுந்தான். கன்னியப்பன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். லோடுமேன் இருசப்பன் வைத்துப் பார்த்தான். கணக்கரும் வைத்துப் பார்த்தார். பிறகு கன்னியப்பனும் இருசப்பனும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்கள்.

அம்முலு மூன்றாவது படத்தின்படி அவன் தலையைப் பின்னால் சாய்த்து மோவாயை உயர்த்தினாள். நான்காவது படத்துக்கு வந்தபோது ஒரு விநாடி நின்றாள். மில்லில் தண்ணீர் குடிக்க அவளுக்குத் தனிச் சொம்பு உண்டு. படத்தில் சொம்பைப் பற்றி ஒன்றும் இல்லை. குனிந்து ஊதினாள். பிறகு முட்டி போட்டு, தவிட்டுச் சாக்கென்று நினைத்துக்கொண்டு அமுக்கினாள். ஒரு சாக்குக்குப் பதினைந்து அமுக்கு என்பது அவள் கணக்கு. பதினைந்து அமுக்கி இரண்டு ஊதினாள். எத்தனை என்று எழுத்தில் போட்டிருந்ததோ என்னவோ.

இருசப்பன் மண் கையோடு வந்தான்.

"தே, தள்ளு. பள்ளம் ரெடி."

"இருண்ணா. அஞ்சாவது படம் முடியல."

"படமா? இன்னா சினிமாவா காட்டிக்கினு கீறே? மூச்சு போயி எத்தினி நேரமாச்சி!"

முதலாளி தாண்டவராயன் தன் வீட்டிலிருந்து ஓடிவந்தபோது, ஒரு பக்கம் நாலு பேர் மகனின் காலைப் பிடித்திருந்தார்கள். இன்னொரு பக்கம் கூட்டுகிற பெண் அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்டி பண்ணுவே?"

"படத்துல எனக்குத் தெரியிற மாதிரி நேரம் போடல மொதலாளி."

"மண்ணுல வெச்சாத்தான் பொயப்பான்றானுங்க!"

"பள்ளம் எங்கியும் ஓடிப் போவாது. மூச்சு போயிட்டா வராது. காலை வுடச் சொல்லு மொதலாளி."

அமுக்குவதை அவள் நிறுத்தாமலே சொன்னாள். தாண்டவராயன் பள்ளத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். விடச் சொல்லிக் கையை ஆட்டினார். நாலு பேரும் காலை விட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று முறை பதினைந்து அமுக்கியிருப்பாள். சின்னராசு இருமினான். கண்ணைத் திறந்ததும் முதலில் சொன்னது, "நைனா, நெஞ்சு நோவுது."

லாரியிலிருந்த மூட்டைகளை இறக்கிவிட்டு அவனை ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்முலுவை யாரும் ஏறச் சொல்லவில்லை. அவள் போர்வையைக் கொண்டுபோய் லாரியில் போட்டுவிட்டு வந்தாள். ஆறாவது படம்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இரண்டு விலா எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது, ஆனால் அமுக்கியவர் அமுக்காமல் இருந்திருந்தால் ஆளே இல்லை என்றார். நின்றுபோன நெஞ்சுக்குக் கரண்டு கொடுத்து ஓட வைக்கிற மிஷின் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றும் சொன்னார்.

"கரண்டு அடிச்சவனுக்கே கரண்டா சார்?" என்றான் இருசப்பன்.

"ஆமாம். ஆனா அது இருக்கிற இடத்துக்கு இவரைக் கொண்டுபோகறதுக்குள்ள உயிர் இருக்காது. பக்கத்துல இருக்கிறவர் கைதான் அதுவரைக்கும் மிஷின். யாருங்க காப்பாத்துனது?"

எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். மில்லில் முதலுதவி தெரிந்தவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. விதிப்படி கன்னியப்பன் பெயர் மூன்று வருடமாக ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தது. டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பள்ளம் வெட்டியதற்காகத்தான் என்று கன்னியப்பன் நினைத்துக்கொண்டான். டாக்டர்கள்கூட ஊர் வைத்தியத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று திரும்பி வரும்போது லாரியில் சொன்னான்.

இப்படியாக மறுநாள் காலைக்குள் சின்னராசுவைக் காப்பாற்றியவன் கன்னியப்பன் என்று ஆகிவிட்டது. அம்முலுவின் அண்ணன் வேதகிரி, உத்திரமேரூர் பள்ளிக்கூடம் ஒன்றில் மணி அடிப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்து ஏழு பேரிடம் தனித்தனியாக விசாரித்தான். ஐந்து பேர் கன்னியப்பன் என்றார்கள். ஒருவர் அம்மன் என்றார். கணக்கர் மட்டும் ஏதோ ஃபைலைத் தேட ஆரம்பித்தார். வேதகிரி கயிறு போட்டுப் பள்ளத்தையும் அளந்தான். நாலடி இரண்டு அங்குலம்.

"பேர் எனுக்கு வேணும்ணா" என்றாள் அம்முலு. அவள் அதுவரை எதுவும் வேண்டும் என்று அவனிடம் கேட்டதில்லை. "அந்தப் புள்ள மூச்சு என் கையில வந்திச்சி. அதை அவன் பண்ணான்னா, நான் அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?"

மார்ச் முதல் வாரத்தில் தாண்டவராயன் அவளை முன்வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஆறு வருடத்தில் அவள் அந்த வாசலை உள்ளிருந்துதான் கூட்டியிருக்கிறாள். பச்சைக் கரை போட்ட புடவையைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தெரியாததால் வாங்கிக்கொண்டாள். பிறகு கணக்கர் ஒரு காகிதத்தையும் மை டப்பியையும் நீட்டினார்.

"சாட்சிக்கு ஒரு கைநாட்டு வையி."

"இதுல இன்னா எய்தி கீது?"

"நடந்தது எய்தி கீது."

"யார் நடத்துனதுன்னு எய்தி கீது?"

கணக்கர் முதலாளியைப் பார்த்தார். தாண்டவராயன் கெட்டவர் இல்லை. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர். "ஏம்மா, புள்ள பொயச்சிக்கினான். உன் பேர் ஏறினா இன்னா, ஏறாட்டி இன்னா? காலனிப் பொண்ணு வாய் வெச்சி ஊதினான்னு காயிதத்துல ஏறிட்டா, நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஊதலன்னா பொண்ணே பாத்திருக்க வேணாம் மொதலாளி" என்றாள் அம்முலு. கைநாட்டு வைக்கவில்லை. புடவையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து நின்றாள். அவர் சொல்லவில்லை. அதனால் மறுநாளும் வந்து சட்டத்தைத் துடைத்தாள்.

மார்ச் 18, புதன்கிழமை, விபத்தை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்கர் தயாராக வைத்திருந்த காகிதத்தைப் படித்தார். பாதிக்கப்பட்டவருக்கு ஃபிட்டர் கன்னியப்பன் உரிய சிகிச்சை அளித்தார் என்றிருந்தது. பாராட்டிவிட்டு, எப்படிச் செய்தீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

"மம்பட்டி வேணும் சார்" என்றான் கன்னியப்பன்.

"எதுக்கு?"

"பள்ளம் வெட்ட."

இன்ஸ்பெக்டர் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆறு படத்திலும் மம்பட்டி இல்லை. "பள்ளம் வெட்டி?"

"உள்ள எறக்கணும் சார். அன்னிக்கு வெட்டி முடிச்சிட்டேன், நாலடி. எறக்கறதுக்குள்ள சின்ன மொதலாளி எய்ந்துட்டாரு. அந்த மண்ணு ராசி அப்படி."

"எழுந்திரிக்க வச்சது யாரு?"

தாண்டவராயன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சின்னராசு நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னான்: "அம்முலு சார். ஒடைஞ்ச எலும்பு ரெண்டும் அவ அமுக்குனது."

"டேய்" என்றார் அவன் அப்பா.

"பொய்யா நைனா?"

இன்ஸ்பெக்டர் அம்முலுவைக் கூப்பிட்டார். அவள் ஒரு தவிட்டுச் சாக்கைப் படுக்கவைத்து, ஆறு படத்தையும் வரிசை மாறாமல் செய்து காட்டினாள். போர்வைக்குப் பதில் கோணியைப் போர்த்தினாள். அவர் புதுக் காகிதம் எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதி, இரண்டு தடவை படித்துக் காட்டினார். அவள் பெயர் நாலு இடத்தில் வந்தது. மை டப்பியை நகர்த்தினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் என்னம்மா?"

"பெருவெரலைப் பாத்தா யாருதுன்னு தெரியாது சார். கணக்கரு நீட்டுன காயிதத்துல வெச்சிருந்தாலும் இதே வெரலுதான். நான் பேரே எய்திடறேன்."

"எழுதத் தெரியுமா?"

"தெரியாது. சுவிட்சுப் பெட்டியை மாத்திட்டாங்களான்னு பாக்கத் திங்கக்கெயமை வருவேன்னீங்களே. அதுக்குள்ள தெரிஞ்சிக்கிறேன்."

அப்படிச் செய்ய விதி இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் யோசித்தார். கூடாது என்றும் விதி இல்லாததால் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சேதி கேட்டு அன்று சாயங்காலம் வந்த வேதகிரி, காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் அவள் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு உத்திரமேரூர் பஸ் ஏறினான். அவள் அதைச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். தினமும் அதையும் துடைத்தாள். முதல் நாள் உமியில் விரலால் எழுதினாள், இரண்டாம் நாள் கரித்துண்டால் தரையில், மூன்றாம் நாள் கணக்கரிடம் பென்சில் கேட்டாள். அவர் கொடுத்தார். நாலு எழுத்தில் கடைசி எழுத்துதான் சுழித்துக்கொண்டு பேஜார் பண்ணியது. ஞாயிற்றுக்கிழமை மில் லீவில் வந்து அதை மட்டும் நூற்றிருபது தடவை எழுதினாள்.

திங்கள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்கர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அம்முலு அதில் உட்காரவில்லை, நின்றபடியே குனிந்து, பேனாவைப் பென்சிலைவிட இரண்டு மடங்கு அழுத்தி, தன் பெயரை எழுதினாள். கீழே தேதி போடவேண்டும் என்றார்கள். எண்கள் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், சாக்கு எண்ணிப் பழக்கம். அதையும் அவளே போட்டாள்: 23-3-1981.