மாமா மறந்துபோன காற்று

என் பயத்துக்கு முதன்முதலாக மரியாதை கொடுத்தவர் என் மாமாதான். மற்றவர்கள் எல்லோரும் அதை ஒரு நோய் போலத்தான் நடத்தினார்கள். அம்மா மடு மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என் பயம் தெளியவென்று ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்துவார். எனக்கோ அந்த மெழுகுதிரி சரிந்து பக்கத்தில் நிற்கிறவரின் சேலையில் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். கிணற்றுக் கயிறு அறுந்துவிடும், கோயில் மணி கழன்று விழும், பள்ளிக்கூடத்துத் தகரம் காற்றில் பறந்து வந்து யாருடைய கழுத்தையாவது சீவிவிடும் என்று ஒரு நாளைக்கு ஒன்றாவது எனக்குத் தோன்றாமல் விடியாது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பயம் மட்டும் விடாமல் வருசாவருசம் பாஸ் பண்ணி மேல்வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நான் சொல்லப்போவது அதற்கு முந்திய கதை. சண்டை முடிந்து, இந்தியாவில் முகாமில் இருந்த நாங்கள் மன்னார்த் தீவிலிருக்கும் பள்ளிமுனைக்குத் திரும்பி வந்து ஒன்றிரண்டு வருசம் இருக்கும். அம்மாவின் தம்பிதான் மாமா. எங்கள் வேலிக்கு அடுத்த பக்கத்து வீடு. மீன்பிடிதான் தொழில். ஆனால் மாமாவுக்கு ஊரில் இருந்த பெயர் மீனால் வந்ததல்ல, காற்றால் வந்தது. விடியற்காலையில் கரையில் நின்று, இரண்டு காதிலும் ஒரே அளவாகக் காற்றின் சத்தம் கேட்கும்வரை முகத்தை மெல்ல மெல்லத் திருப்புவார். பிறகு சொல்லுவார், இன்றைக்கு எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் எழும்பும், எப்போது படுக்கும் என்று. கடலுக்குப் போகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள். கேட்க வருகிறவர்களை அவர் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்.

"போறதை விடு. வரேக்கை காத்து எங்கை நிக்கும்? அதை யோசிச்சனியோ?"

மாமி கெட்டிக்காரி, வாயும் உள்ளவர். ஒரேயொரு குறைதான், அவரால் பஸ்ஸில் ஏற முடியாது. இந்தியாவிலிருந்து வரும்போது கடலில் அலை தூக்கித் தூக்கிப் போட்டபோதும் கல்லுப் போல இருந்தவருக்கு, கரையிலிருந்து ஏற்றி வந்த பஸ்ஸில்தான் குடல் வெளியே வருகிறமாதிரிச் சத்தி எடுத்துப் பாதி உயிர் போனது. அதன்பிறகு மன்னார் பஸ் நிலையத்துப் பக்கம் போனாலே சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துவிடுவார். வான், கார் என்று மூடிய வாகனம் எதுவும் சரிவராது.

இது பெரிய விசயமாக வந்தது மாமியின் அக்காவால். சண்டைக்குள் எங்கள் வீட்டார் இந்தியாவுக்குப் படகேறியபோது அவர் ஏறவில்லை. புருசனின் ஊரான கல்முனைப் பக்கம் போய்விட்டார். நான் பிறப்பதற்கு முதல் பிரிந்த சகோதரிகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து தொலைபேசியில் அழுவார்கள். அந்த வருசம் அக்காவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் விரல் எடுத்துவிட்டார்கள். இனி அவர் பயணம் செய்து வரமாட்டார். போவதென்றால் மாமிதான் போகவேண்டும். மன்னாரிலிருந்து கல்முனை என்றால் இலங்கையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குறுக்கே வெட்டுகிற தூரம்.

ஒரு நாள் மாமா தன் பழைய தொண்ணூறு சீ.சீ. மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்த மீன்பெட்டிக் கம்பியைக் கழற்றத் தொடங்கினார். "காத்துப் படுற வாகனத்திலை அவவுக்கு ஒண்டும் செய்யாது. இதிலை கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "தம்பி, உனக்கு விசரே? இது மீன் ஏத்துற சைக்கிள். உதிலை கல்முனைக்கோ?"

"ஒரேயடியா இல்லை அக்கா. துண்டு துண்டா. முதல் நாள் வவுனியாவிலை தங்கல். ரெண்டாம் நாள் திருகோணமலையிலை என்ரை கடற்சிநேகிதன்ரை மீன்வாடியிலை படுக்கை. மூண்டாம் நாள் போய்ச் சேந்திடுவம்."

மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கோழியளை ஆர் பாக்கிறது? கருவாட்டை ஆர் புரட்டிறது? போனாலும் மூண்டு நாளுக்கு மேலை நான் அங்கை நிக்கமாட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மாமா என்னைக் கூப்பிட்டார். குசினிக்குப் பின்பக்கம் ஒரு சாக்கை விரித்து, சைக்கிளின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உனக்குத்தானே எல்லாத்துக்கும் பயம். இந்தப் பயணத்திலை என்னென்ன பிழைக்கும் எண்டு யோசிச்சுச் சொல்லு பாப்பம்."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வாயை மூடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் சாக்கில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன்.

"காட்டு றோட்டிலை டயர் காத்துப் போனால்?"

"ஒட்டுற சாமான் இருக்கு. புது ரியூப்பும் ஒண்டு கொண்டுபோறன்."

"ஒட்டிக்கொண்டிருக்கேக்கை யானை வந்தால்?"

மாமா சாவியைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். "நாளைக்குச் சொல்லுறன்" என்றார். மறுநாள் துறைக்கு மீன் ஏற்ற வந்த லொறிக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வந்து பதில் சொன்னார். "எட்டு மணிக்குப் பிறகுதான் காட்டுக்குள்ளை இறங்கிறது. அதுவும் ஒரு லொறிக்குப் பின்னாலை. வெயில் சரிய முந்தி ஊருக்குள்ளை. யானைக்கு எங்களைச் சந்திக்க நேரமே இராது."

இப்படித் தினமும் பின்னேரம் எனக்கு வேலை இருந்தது. நான் பயப்படுவேன், அவர் அதற்கு ஒரு வழி பண்ணுவார். கிளச் வயர் அறுந்தால் என்றேன், மேலதிக வயர் ஒன்றை இப்போதே பழைய வயரோடு சேர்த்துக் கட்டி வைத்தார். மழை பெய்தால் என்றேன், படகு மூடுகிற தறப்பாளில் ஒரு துண்டு வெட்டினார். நான் கேட்ட எதையும் அவர் சிரித்துத் தட்டிக்கழித்ததில்லை. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு முழம் தள்ளி இருக்கிற எனக்கு, நடுக்கடலில் அடுத்த படகுக்காரனோடு கதைப்பதுபோலச் சத்தமாகப் பதில் சொல்லுவார்.

"மாமா, எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"இஞ்சினுக்கும் கேக்கத்தானே வேணும்" என்றார்.

அவர் பதில் சொல்லும்போதெல்லாம் குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிடும். பதில் முடிந்ததும் மறுபடி தொடங்கும்.

"சென்றியிலை மறிச்சு ஆமிக்காரர் சிங்களத்திலை ஏதும் கேட்டால்?"

"அடையாள அட்டையைக் காட்டிப்போட்டுச் சிரிப்பன்."

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஓம் ஓம், அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் இருத்தி வைச்சுத் தேத்தண்ணி தரப்போறாங்கள்."

"மாமி நித்திரையாகி விழுந்திட்டால்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

மாமா மெதுவாகச் சொல்லவில்லை. "அவ என்னை ஏசிக்கொண்டுதான் வருவா. ஏசுற ஆளுக்கு நித்திரை வராது. அப்பிடியும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறக்கி, நிழலிலை இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு போவன். ராசாத்தி மாதிரி!"

தேங்காய் துருவுகிற சத்தம் அன்று வெகுநேரம் தொடங்கவில்லை.

அடுத்தது காற்று. அது சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து வீசுகிற அந்தக் காற்றுக்கு எங்கள் தீவில் பனைகளே ஒரு பக்கம் சாய்ந்துதான் வளரும். மாமா தெரிந்துதான் அந்தக் காலத்தைப் பிடித்திருந்தார். போகிற திசைக்குக் காற்று பின்பக்கமிருந்து தள்ளும், சின்ன இஞ்சினுக்குச் சுமை தெரியாது, பெற்றோலும் மிச்சம். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் பார்த்த மனிதர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். ஆனால் தீவை விட்டு இறங்குகிற நீளப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அதில் ஆளோடு சைக்கிள் சரிந்தால் என்று நான் கேட்டுவிட்டேன். உடனே மாமா உரப்பையில் மணல் அள்ளி, மாமியின் நிறைக்கு மட்டுக்கட்டி, பின்சீற்றில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். அங்குமிங்குமாகப் பல தரம் ஓடிப் பார்த்தார். பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பகிடி.

"என்ன மச்சான், மனிசியின்ரை வாயைக் கட்டச் சொன்னால் ஆளையே கட்டிப்போட்டியே!"

இந்தக் கதை மாமிக்கு எட்டிவிட்டது. அவர் நேரே வந்து மூட்டையை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "நான் இவ்வளவு நிறையே?" என்று மாமாவைப் பார்த்த பார்வையில் எனக்கே சாகப் பயமாக இருந்தது. "இதைவிட நான் ஏறி இருந்திருப்பன்தானே!" என்றார்.

"ஏறுமன், ஆர் வேண்டாமெண்டது?" என்றார் மாமா, சைக்கிளைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு மணல்மூட்டை இருந்த இடத்தில் மாமி இருந்தார். மடு வரைக்கும் போய் மாதாவைக் கும்பிட்டுவிட்டு வருவதென்று பேச்சு. போகும்போது மாமாவின் சேட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தவர், பின்னேரம் திரும்பும்போது ஒரு கையால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வழியில் யாரோ செய்த அநியாயத்தை மாமாவுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். சத்தி எடுக்கவில்லை. இறங்கி வீட்டுக்குள் போனவர், விளக்கு வைக்கிற நேரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து எங்கள் கூட்டில் அடைத்தார். "பத்து நாளைக்குத்தான் மச்சாள்" என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

போகிறதுக்கு முதல்நாள் மாமா பயணப்பை கட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். உடுப்பு, ரியூப், தறப்பாள் துண்டு, அக்காவுக்குக் கருவாடு. அடியில் ஒரு பழைய துணியில் சுற்றி, கிழிந்த வலை பொத்துகிற ஊசியும் நைலோன் நூல்கட்டையும், கடலுக்குக் கட்டுகிற பழஞ்சாறமும் இருந்தன.

"இது என்னத்துக்கு மாமா?"

"டயர் கிழிஞ்சால் தைக்கலாமெல்லே."

நான் நம்பினேன். அதுவும் ஒரு முன்யோசனை என்று பெருமையாகக்கூட இருந்தது. பையின் வாயைக் கட்டிவிட்டு மாமா என்னைப் பார்த்தார். வழக்கமான சத்தம் அன்று இல்லை.

"வேறை என்ன பிள்ளை? இன்னும் ஏதும் கேள்வி மிச்சமிருக்கோ?"

நான் கண்ணை மூடி யோசித்தேன். யானை, டயர், மழை, சென்றி, பாலம், நித்திரை. "ஒண்டும் இல்லை மாமா. முடிஞ்சுது."

மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார். "கெட்டிக்காரி" என்று என் தலையில் கையை வைத்தார்.

காலையில் ஊரே வந்து வழியனுப்பியது. மாமி புதுச்சேலையில், தலையில் மாமா வாங்கிய சிவப்பு ஹெல்மெட்டோடு, அதற்குமேல் செபமாலை சுற்றிய கையை வைத்துக்கொண்டு ஏறி இருந்தார். சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தப் புழுதி எங்கள்மேல் வரவில்லை, அவர்களுக்குப் பின்னாலேயே பறந்து போனது. காற்று என் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது?

போகும்போது முதுகில் தள்ளுகிற இதே காற்று வரும்போது முகத்தில் அடிக்கும். அந்தச் சின்ன இஞ்சின், மாமி, வெட்டவெளி, பாலம். நூறு கேள்வி கேட்ட நான் அந்த ஒன்றைக் கேட்கவில்லை. குழறி அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா வழியனுப்ப வந்தவர்களிடம் சொன்னார். சனம் ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றது. பிறகு துறை அதிரச் சிரித்தது.

"எங்களை ஒவ்வொரு நாளும் கேக்கிற கேள்வியை அவன் தன்னட்டைக் கேக்கேல்லையே!"

மூன்றாம் நாள் பின்னேரம் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அழைப்பு வந்தது. யானையைக் காணவில்லை, டயர் காற்றுப் போகவில்லை, மாமிக்குத் தலைச்சுற்றுக்கூட இல்லை. பின்னால் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் அழுவதும் சிரிப்பதும் கேட்டது. அம்மா முதல் வேலையாகக் காற்றைப் பற்றிக் கேட்டார்.

"ஐயோ அக்கா! அதை நான் மறந்தல்லோ போனன்!" என்றார் மாமா. "இந்தச் சோளகத்துக்கு முகங்குடுத்து இவவையும் வைச்சுக்கொண்டு வரேலாது. காத்து முறியட்டும், வாறம்."

"அப்ப என்ரை கோழியள்?" என்று தூரத்தில் மாமியின் குரல் கேட்டது. அதற்கு மேலால் இன்னொரு குரல், "கோழி கிடக்கட்டும், நீ இரடி" என்றது.

சோளகம் அந்த வருசம் இலேசில் முறியவில்லை. ஆடியில் போனவர்கள் ஐப்பசியில், முதல் மழை விழுந்த கையோடுதான் வந்தார்கள். மாமி வெயிலில் கறுத்து, கன்னம் வைத்து, அந்த ஊர்க்காரர்போல என்னை "மகள்" என்பதை விட்டு "மனே" என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார். சைக்கிளின் இரண்டு பக்கமும் அக்கா தந்துவிட்ட பாயும் சட்டியும் தொங்கின. அக்காவின் காலுக்குத் தானே மருந்து கட்டியதையும், இருவரும் ஒரே பாயில் படுத்து விடிய விடியக் கதைத்ததையும் எங்களுக்கு நாள்கணக்காகச் சொன்னார். இடையிடையே, "எல்லாம் இந்த மனிசன் காத்தை மறந்ததாலை வந்தது" என்று மாமாவை ஏசவும் மறக்கவில்லை. மாமா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அவருடைய உள்ளங்கைகளில் கல்முனைக் கரையில் இழுத்த கரைவலைக் கயிறு அறுத்த புதுத் தழும்புகள் இருந்தன.

துறையில் அவரை இன்றைக்கும் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். பண்ணிவிட்டு, நாளைக்குக் காற்று எப்படி என்று அவரிடமே கேட்பார்கள். அவரும் முகத்தை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, வரும்போது காற்று எங்கே நிற்கும் என்று யோசித்தாயா என்றுதான் முதலில் கேட்பார். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். ஆனால் அந்த வலையூசியையும், அவர் கையிலிருந்த தழும்புகளையும், கேள்வி முடிந்தது என்று நான் சொன்னபோது அவர் விட்ட அந்த நீளமான மூச்சையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வயது ஆகவேண்டியிருந்தது.

"கெட்டிக்காரி" என்றாரே, நான் கேட்ட கேள்விகளுக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.